கோபாலபுரத்து ஆழ்கடலில் ஒரு முதலை

சென்னையில் செயலி வழியாக ஆட்டோ கூப்பிட்டால் முதலில் ஓட்டுநர் நமக்கு நேர்காணல் வைப்பார். அதில் தேறினால்தான் வண்டி வரும்.

"எங்க சார் போணும்?"

"உங்க போன்லயே வந்திருக்குமே."

"அது வந்துகீது சார். நீ சொல்லு."

"மயிலாப்பூர்."

"கேஷா, ஆன்லைனா?"

"ஆன்லைன்."

அதோடு வண்டி ரத்து. தி.நகரில் நான் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் நின்று இப்படி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருவரிடம் கேஷ் என்று பொய் சொன்னேன். வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்ததும், "சில்லறை கீதா சார்?" என்றார். எங்கள் ஈப்போவில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எல்லாரிடமும் சொந்தக் கார் இருக்கிறது, எல்லாரும் அதில் உட்கார்ந்து சாலையைத் திட்டுவார்கள். இங்கே சாலையையும் திட்டி ஓட்டுநரையும் கெஞ்ச வேண்டும்.

நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவன். ஈப்போவில் ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மனைவியாக இருந்த வித்யா மயிலாப்பூர்க்காரி. மூன்று வருடங்களுக்கு முன் எங்களுக்குள் ஒத்துவராமல் போய், மகள் மீராவைக் கூட்டிக்கொண்டு தன் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். யார்மேல் தப்பு என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அந்தக் கதை அலுத்துவிட்டது.

இப்போது மீராவுக்கு எட்டு வயது. மே மாத விடுமுறைக்கு அவளை ஈப்போவுக்கு அனுப்பும்படி போனில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். வித்யா கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள். "நாலு நாள் வந்து குழந்தையோட இருந்துட்டுப் போங்கோ. அவளா கேட்டா அனுப்பறேன். நான் கேக்கச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்கச் சொல்லப்படாது. ஜாடைமாடையாக்கூட." அதற்காகத்தான் இந்தப் பயணம். மற்றவர்கள் சென்னைக்குக் கோயில் பார்க்கவும் புடவை எடுக்கவும் வருகிறார்கள். நான் ஒரு கேள்வி என் காதில் விழுமா என்று பார்க்க வந்தேன்.

முதல் நாள் காலை மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் காலைப் பலகாரம், அவ்வளவுதான். சர்வர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை நாள் பட்டினியோ என்று நினைத்தாரோ என்னவோ, இட்லி, பொங்கல், வடை என்று கேட்காமலே அடுக்கி, சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து ஊற்றினார். "நிதானமா சாப்புடு சார், அவசரம் இல்ல" என்று ஆறுதலும் சொன்னார். பொங்கல் அருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் எனக்கு எரிச்சல் தராத ஒரே விஷயம் அதுதான்.

வயிற்றில் அத்தனையையும் சுமந்துகொண்டு வித்யா வீட்டுப் படியேறினேன். கதவைத் திறந்தது மீராதான். ஒரு பல் விழுந்திருந்தது, உயரமாகியிருந்தாள். நான் கையை நீட்டுவதற்குள் இரண்டடி பின்னால் போய் நின்று, "வாங்கோப்பா. உக்காருங்கோ. ஜலம் குடிக்கறேளா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈப்போவில் ஐந்து வயதுவரை என் தோளில் ஏறி உட்கார்ந்து காதைத் திருகி, "அப்பா, நீ குதிரை, ஓடு" என்று விரட்டியவள். இப்போதும் அந்த வீட்டில் அவள் வேறு யாரையும் நீங்கள் என்று சொல்வதில்லை. தாத்தாவை, "நீ சும்மா இரு தாத்தா, உனக்குத் தெரியாது" என்கிறாள். மாமாவை வாடா என்பதோடு சரி. அந்த வீட்டில் வாங்கோ போட்டு வரவேற்கப்படுகிறவர்கள் பூஜைக்கு வரும் சாஸ்திரிகளும் காஸ் அடுப்பு ரிப்பேர்காரரும்தான். இப்போது நான் மூன்றாவதாகச் சேர்ந்திருந்தேன்.

அன்று முழுக்க அப்படித்தான். "காபி எடுத்துக்கோங்கோ." "ஃபேன் போடட்டுமா, உங்களுக்கு வேர்க்கறதே." இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் நடத்தியதில்லை. அத்தனையும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இரண்டாம் நாள் மீரா பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு நோட்டீஸை நீட்டினாள். குழந்தைகளும் குடும்பமும் சேர்ந்து பங்கெடுக்கும் ஆழ்கடல் சாகச நாடகம், ஞாயிறு மாலை, கோபாலபுரத்தில் ஒரு பள்ளி அரங்கில். பார்க்க வருகிறவர்களும் நாடகத்தில் கத்த வேண்டும், ஆட வேண்டும், உதவ வேண்டும். குழந்தைகள் கடல்வாழ் உயிரினமாக வேடமிட்டு வர வேண்டும். "உங்களுக்கு சிரமம் இல்லேன்னா போலாமாப்பா?" என்றாள். சிரமம் இல்லேன்னாவாம்.

வேடம் வாங்கத் தி.நகருக்கே திரும்பினோம். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், ஃபேன்ஸி டிரஸ் வாடகைக்கடை. முருகன் இருந்தார், வக்கீல் இருந்தார், விவசாயி அளவுவாரியாக இருந்தார், தக்காளியும் கத்திரிக்காயும் கொத்தாகத் தொங்கின. மீன் இல்லை.

"மீனெல்லாம் பூட்ச்சு சார். அந்த டிராமாவுக்கு ஊரே வந்து எடுத்துக்கினு போயிட்ச்சு" என்றார் கடைக்காரர். "முதலை ஒண்ணு கீது. புத்தம் புதுசு. தரட்டா?"

"முதலை கடல்ல இருக்காது அங்கிள்" என்றாள் மீரா. "ஆத்துலதான் இருக்கும்."

கடைக்காரர் சிரிக்காமல், "எந்த ஆத்துல பாப்பா, உங்க ஆத்துலயா?" என்றார்.

மயிலாப்பூர்ப் பேச்சில் ஆத்துல என்றால் வீட்டில் என்று அர்த்தம். மீராவுக்கு ஒரு விநாடி கழித்துத்தான் கிண்டல் புரிந்தது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். உடனே அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு முதலை ஓகேவாப்பா?" என்றாள். எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் பொறாமையாக இருந்தது.

முதலைக்கு வால் மட்டும் மீராவின் உயரம். ஆட்டோவில் வாலை மடித்தால் தலை வெளியே வந்தது, தலையை உள்ளே இழுத்தால் வால் நடைபாதையில் போகிறவர்களை உரசியது. பனகல் பார்க் சிக்னலில் ஒரு போலீஸ்காரர் வாலைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

மூன்றாம் நாளை அடையாறு பக்கம் கடற்கரையில் வீணாக்கினேன். ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளைப் பற்றிச் சொன்னேன். அருவிகளைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ரம்புத்தான் மரம் காய்க்கப்போகிறது என்றேன். இதெல்லாம் ஜாடைமாடையில் சேருமா என்ற பயத்தோடுதான் சொன்னேன். மீரா மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். "ரொம்ப நன்னா இருக்குமில்லையாப்பா" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "பஜ்ஜி ஆறிடப் போறது, நீங்க சாப்பிடுங்கோ" என்றாள்.

ஞாயிறு வந்தது. மயிலாப்பூருக்கும் கோபாலபுரத்துக்கும் இடையே தூரம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலைகளைத் தடுத்துத் திருப்பிவிட்டிருந்ததால், எங்கே போனாலும் முதலில் அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தது. அதனால் வண்டி நெடுநேரம் எங்கெங்கோ வளைந்து போனபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை. மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"மேப்பு இங்கதான் சார் நிக்கச் சொல்லுது" என்றார் ஓட்டுநர்.

"நான் கோபாலபுரம்னு சொன்னேனே."

"நீ மீன் டிராமான்னு சொன்ன. மேப்பும் மீன் மார்க்கெட்டாண்ட காட்டுது. சரியாத்தான் கீதுன்னு வந்துட்டேன்."

ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருந்திருக்கின்றன. செயலியில் முதலில் வந்த பெயரைத் தொட்டது நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரைத் திட்டுவது வசதியாக இருந்தது. நான் போனில் கோபாலபுரத்தைத் தேடிக்கொண்டிருக்கையில், முழு முதலையாக உடுத்தியிருந்த மீரா காற்று வாங்க இறங்கி நின்றாள். கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, முதலையக் கூட்டிக்கினு வந்துகீற? மிச்சம் மீதி மீனையும் துன்னுடப் போவுது."

"நான் வெஜிடேரியன் முதலை" என்றாள் மீரா. மார்க்கெட்டே சிரித்தது. என் போன் அந்த நேரத்தில் பேட்டரி தீர்ந்து அணைந்தது. நாடகம் தொடங்கியிருக்கும். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறு சார், நானே வுட்டுர்றேன்" என்றார். நான் திட்டியதற்கு அவர் இறக்கிவிட்டே போயிருக்கலாம்.

அரங்கில் நுழைந்தபோது கடல் ஏற்கெனவே வந்திருந்தது. நீளமான நீலத்துணி ஒன்றைப் பார்வையாளர்களின் தலைக்கு மேல் விரித்து, இரண்டு ஓரத்திலும் குழந்தைகள் பிடித்து அலையாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குனிந்து தவழ்ந்து கடலுக்கடியில் இடம் தேடினோம். காலி நாற்காலிகளில் எல்லாம் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒன்றில் ஒற்றைச் செருப்பு. எல்லாமே யாருக்கோ பிடித்துவைத்த இடம். செருப்பை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஏசியில் கம்ப்ரஸர் ஓடவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஆழ்கடல் கொதித்தது.

கதை எளிது. கடல் ராணியின் முத்தை விலாங்கு வேலப்பன் திருடிவிட்டான். நெத்திலி என்ற சின்னப் பெண் அதைத் தேடிப் போகிறாள். அவளுக்குத் துணை ஆக்டோபஸ் மாமி. மாமியாக வந்தவர் மீசையை மழித்த ஒரு பெரிய ஆண். ஒன்பது கஜப் புடவை, எட்டுக் கைகள், எட்டிலும் வளையல். "எட்டுக் கை இருந்து என்னடிம்மா பிரயோஜனம், முதுகு அரிச்சா ஒண்ணுகூட எட்டமாட்டேங்கறது" என்று அவர் புலம்பியதில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிக்கல் பார்வையாளர்களிடம் இருந்தது. நெத்திலிக்குப் பின்னால் விலாங்கு பதுங்கி வரும்போதெல்லாம் குழந்தைகள் "பின்னாடி" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் நாடகமே. விலாங்கு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தனை குழந்தைகளும் ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். மாமி பொறுக்க முடியாமல் ஒரு பையனைக் காட்டினார். அவன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "மிஸ், பின்னாடி இருக்கு மிஸ்" என்றான். பக்கத்துக் குழந்தைகள் விரலை இறக்கினார்கள். விடை சொல்லியாகிவிட்டதல்லவா.

பெற்றோர்கள் அதைவிட மோசம். எனக்கு முன்னால் இருந்த அம்மா மகனின் காதில், "ஈல்னு இங்கிலீஷ்ல சொல்லு, ஸ்பெல்லிங்கும் சொல்லு" என்று ஊதிக்கொண்டிருந்தார். இன்னொரு அப்பா, "இன்னொரு தரம் கத்து கண்ணா, வீடியோ ஆன் ஆகலை" என்றார். எங்கே பார்த்தாலும் போன் வெளிச்சம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதற்குள் மேடையில் ஏறி விலாங்கின் வாலைப் பிடித்து இழுத்திருப்பார்கள். மீராவும் விரலைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். முதலையின் நகத்தோடு.

மாமி பொறுமை இழந்து மேடையை விட்டுக் கீழே இறங்கினார். "கையில போன் இல்லாத அப்பா ஒருத்தராவது இருக்கேளா இந்தக் கடல்ல?" என்று தேடினார். என் போன்தான் சிந்தாதிரிப்பேட்டையிலேயே செத்துவிட்டதே. எட்டுக் கைகளும் என்னைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போயின.

முகம் முழுக்க மறைக்கும், கறுப்புக் கண்ணாடி வைத்த முத்துக்குளிப்பவர் முகமூடியை எனக்கு மாட்டினார்கள். மாமி காதில் கிசுகிசுத்தார். "சார், முத்தைத் தேடுற மாதிரி குனிஞ்சு நில்லுங்க. விலாங்கு பின்னாடி வரும். பசங்க மூணு தரம் கத்தினதும் திரும்புங்க. மூணே தரம்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கையைத் தூக்கினா மாமிக்குக் கெட்ட கோபம் வரும். கத்துங்கோ" என்றார்.

"அங்கிள், பின்னாடி" என்று சில குரல்கள் வந்தன. நான் முத்தைத் தேடினேன். இரண்டாவது முறை குரல்கள் கூடின. அதில் ஒன்று எனக்குத் தெரிந்த குரல். "அப்பா, பின்னாடி பாருங்கோ."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆளுயர விலாங்கு அப்பனின் கழுத்தருகே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அப்போதும் பாருங்கோ. திரும்ப மாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மூன்றாவது முறை அரங்கம் நன்றாகவே கத்தியது. "திரும்புங்கோளேன்பா" என்று அவள் குரலும் கேட்டது. நான் குனிந்தபடியே நின்றேன்.

"சார், மூணு ஆயிடுச்சு" என்றார் மாமி. நான் அசையவில்லை.

"சார், இப்படி குனிஞ்சு நிக்க முதுகு வலிக்குது சார்" என்றது பின்னாலிருந்து விலாங்கு. நான் இடதுபக்கம் தேடினேன். வலதுபக்கம் தேடினேன். குழந்தைகள் இப்போது நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். யாரும் விரலைத் தூக்கவில்லை, யாரும் மிஸ் என்று சொல்லவில்லை. முன்வரிசைப் பையன் ஸ்பெல்லிங்கை எல்லாம் மறந்துவிட்டு, "யோவ் அங்கிள்" என்று அலறினான். அத்தனை கூச்சலுக்கும் மேலே ஒரு குரல் கிழிந்து வந்தது.

"ஐயோ, திரும்பேன்பா. உனக்குக் காது கேக்கலையா? பின்னாடி பாரு, மக்கு."

அப்போதும் நான் திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் படிகளில் தடதடவென்று முதலை ஏறி வந்து, வாலால் விலாங்கின் தலையில் ஒன்று போட்டு, என் கையைப் பிடித்து ஒரே சுற்றாகத் திருப்பியது. அரங்கம் அதிர்ந்தது. "இந்தக் கதையில முதலையே கிடையாதேடிம்மா" என்ற மாமி, உடனே சமாளித்துக்கொண்டு, "ஆத்து முதலை நம்ம கடலைக் காப்பாத்த வந்திருக்கு, எல்லாரும் கை தட்டுங்கோ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடி இருந்ததால் தப்பித்தேன்.

திரும்பும் வழி முழுக்க மீரா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "எத்தனை தடவை கத்தறது நான்? தொண்டையே போயிடுத்து. நீ ஏன் அப்படி மரம் மாதிரி நின்னே? எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிக்கறா." நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆட்டோ எதிர்த்திசையில் சுற்றிப் போனது. இன்னும் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்று சென்னையில் முதல்முறையாக நினைத்தேன்.

வாசலில் காத்திருந்த வித்யா இதைக் கேட்டுவிட்டாள். "மீரா, என்ன அப்பாவை நீ, வா, போன்னுண்டு? நீங்கன்னு சொல்லு."

நாலு நாளாக நான் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. "ஏன், நீ உங்கப்பாவை இன்னைக்கு வரைக்கும் நீன்னுதானே கூப்பிடுற? நான் மட்டும் என்ன, விருந்தாளியா?"

வித்யா என்னை வினோதமாகப் பார்த்தாள். "எங்காத்துல அப்படி. உங்க வீட்டுல அப்பாவை நீங்கன்னுதானே சொல்லுவேள்? அப்பாவை நீன்னு சொல்ற குழந்தையை எங்க பார்த்திருக்கோம்னு உங்கம்மா எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா. அதான் நீங்க வரதுக்கு முன்னாடி இவளை உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். இல்லேன்னா குழந்தையை ஒழுங்கா வளக்கலேன்னு என்னைத்தானே சொல்லுவேள்."

எனக்கு மரியாதை குறையக் கூடாது என்று அவள் பார்த்துப் பார்த்துச் செய்த காரியம் அது. நாலு நாளாக நான் தூங்காமல் கிடந்ததற்கு அதுதான் காரணம். நாங்கள் இரண்டு பேரும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிடலாம்.

மீரா முதலையின் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. எங்கள் சண்டை அவளுக்குச் சலிப்பாக இருந்திருக்க வேண்டும்.

"அம்மா, ஈப்போ போனா அந்தப் பாட்டிகிட்ட மட்டும் நீங்கன்னு சொல்றேன். போதுமா? அப்பாகிட்ட முடியாது. அவனுக்குக் கத்தினாத்தான் கேக்கறது."

வித்யா என்னைப் பார்த்தாள். நான் வித்யாவைப் பார்த்தேன்.

"இது கேட்டதுல சேருமா?" என்றேன் மெதுவாக.

வித்யா பெருமூச்சு விட்டாள். "சேரும்."

"நான் என்னம்மா கேட்டேன்?" என்றாள் மீரா.